காசு கொடுத்து வீச வைத்த வலைக்கு டிராவல் பிரிவில் முதல் பரிசு சரியா?

மணல்மேடு (ஞாயிறு, இரவு 9.40)

எங்கள் போட்டோ கிளப்புக்கு வராதவர்களும் இங்கே இருப்பதால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பழவேற்காட்டுக்கு போட்டோ வாக் (கூட்டமாக நடந்து படம் எடுப்பது) போனோம். ஆளுக்கு 350 ரூபாய், மொத்தம் 22 பேர். டச்சுக் கல்லறை, படகுத்துறை எல்லாம் பட்டியலில் இருந்தன. ஆனால் எல்லோரும் போனது ஒரே படத்துக்குத்தான்: விடிகாலை ஏரி, வட்டமாக விரியும் வீச்சு வலை, பின்னால் சூரியன். வாக் நடத்தியவர் முதல் நாளே ஒரு பெரியவரிடம் பேசி 500 ரூபாய்க்கு ஏற்பாடு செய்திருந்தார். அவர் முழங்கால் தண்ணீரில் நின்று முப்பது தடவைக்கு மேல் வீசினார். "ஐயா, கொஞ்சம் இடது பக்கம்", "ஐயா, தலையைத் தூக்குங்க" என்று கரையிலிருந்து ஆளாளுக்குக் கத்தினோம். நானும்தான். இடமிருந்து நாலாவது ஆள் நான்.

இந்த மாதப் போட்டியில் டிராவல் பிரிவுக்கு 18 படங்கள் வந்தன. அதில் ஐந்தில் அதே பெரியவர், அதே வலை. பெயரில்லாமல் எண் போட்டுத்தான் திரையிடுவார்கள். மூன்று நடுவர்கள், ஆளுக்குப் பத்து மார்க். அந்த ஐந்தில் ஒன்று 27 வாங்கி முதலிடம் வந்தது. நடுவர் ஒருவர் மைக்கில் "கடின உழைப்பின் இயல்பான ஒரு கணம்" என்றதும் பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

எடுத்தவர் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நல்ல படம்தான். ஆனால் ஏற்பாடு செய்து எடுத்ததை டிராவல் என்று அனுப்பலாமா? பரிசைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

டார்க்ரூம் (ஞாயிறு, இரவு 10.15)

தம்பி, பின்வரிசையில் சிரித்த அந்த நாலைந்து பேரில் எத்தனை பேர் அதே வலையை அனுப்பியவர்கள்? அதையும் எழுதியிருக்கலாம்.

நான் ஃபிலிம் காலத்திலிருந்து கிளப்பில் இருக்கிறேன். ஒரு ரோலில் 36 ஃப்ரேம். ஒரு ஞாயிறுக்கு ஒரு ரோல், அதற்கு மேல் வீட்டில் அனுமதி கிடையாது. மீனவர் எப்போது வலை வீசுவார் என்று காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். டீ வாங்கிக் கொடுத்து, பேசிப் பழகி, "ஒரு தடவை வீசுங்கண்ணே" என்று கேட்டுத்தான் எடுத்தோம். அதை யாரும் மோசடி என்று சொன்னதில்லை.

சென்னையில் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1857-லேயே தொடங்கியாகிவிட்டது. ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹன்டர்தான் அதையும் தொடங்கியவர். அதே காலத்தில் மதராஸ் அரசின் போட்டோகிராஃபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-ல் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் வரைந்தவர். அவருடைய பரிசையும் திரும்ப வாங்கிவிடலாமா?

மணல்மேடு (ஞாயிறு, இரவு 10.32)

அண்ணா, ட்ரைப் மேகம் வரைந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கால நெகட்டிவ் நீல நிறத்தை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும், வானம் வெள்ளைத்தாள் மாதிரி வந்துவிடும். கருவியால் முடியாததைக் கையால் ஈடுகட்டினார். நம் கேமராவுக்கு அந்தக் குறை இல்லையே.

முகத்துவாரம் (திங்கள், காலை 6.50)

நான் கிளப் உறுப்பினர் இல்லை, தோழி ஒருத்தி இந்தப் படத்தை அனுப்பினாள். அப்பா பழவேற்காட்டில் நாற்பது வருடம் வலை வீசியவர். பார்த்ததும் எனக்கு உறுத்தியதைச் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் இடுப்பில் பறி இல்லை. மீனைப் போட்டுக்கொள்ள ஓலைப்பறியோ, இப்போது பலர் கட்டிக்கொள்ளும் நைலான் பையோ, ஏதாவது ஒன்று இருக்கும். வெறும் இடுப்போடு வலை வீச இறங்குபவர் பிடித்த மீனை எங்கே வைப்பார்?

அடுத்தது நிழல். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய நிழல் வலை விழும் இடத்தின் மேலேயே நீளமாகக் கிடக்கிறது. நிழல் பட்டால் மடவை தெறித்து ஓடிவிடும். அப்பா காலையில் சூரியனைப் பார்த்து நின்றுதான் வீசுவார், கண் கூசினாலும். உங்களுக்கு ஓரமெல்லாம் பொன்னாக மின்ன வேண்டும் என்று அவரைத் திருப்பி நிறுத்திவிட்டீர்கள். வலையும் தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் போகிறது. நிஜத்தில் தாழ்வாக, தண்ணீரோடு ஒட்டினாற்போல் போகும். ஈயக்குண்டெல்லாம் ஒன்றாக விழ வேண்டும்.

அப்பாவிடம் போனைக் காட்டினேன். "யாரு இவன், வலையைக் காயப் போடுறானா?" என்றார்.

ஒற்றை லென்ஸ் (திங்கள், காலை 8.05)

இதற்கு மேல் விவாதம் எதற்கு? அந்த ஒரு வரி போதும்.

டார்க்ரூம் (திங்கள், காலை 8.40)

முகத்துவாரம் அம்மா, நிழல் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் போட்டோ போட்டி என்பது மீன்பிடிப் பாடப்புத்தகம் அல்லவே. ஒளி, அமைப்பு, கணம் ஆகியவற்றுக்குத்தான் மார்க். பாரீஸ் மாநகராட்சிக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு ஜோடி முத்தமிடும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராபர்ட் துவானோ 1950-ல் எடுத்தது. அந்த இருவரும் நடிப்புப் படித்த மாணவர்கள், அவர் கேட்டதால் முத்தமிட்டார்கள். அதனால் அந்தப் படம் குப்பைக்குப் போய்விட்டதா?

மணல்மேடு (திங்கள், காலை 9.10)

போகவில்லை. ஆனால் ஏற்பாடு செய்து எடுத்தது என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1990-களின் தொடக்கத்தில், அதுவும் "படத்தில் இருப்பது நாங்கள்தான்" என்று வேறொரு ஜோடி வழக்குப் போட்ட பிறகு. நாற்பது வருடத்துக்கு மேல் பார்த்தவர்கள் எல்லோரும் அதை வழியில் கண்ட முத்தம் என்றே நம்பினார்கள். ஏற்பாடு செய்வது குற்றம் என்று நான் சொல்லவே இல்லை அண்ணா. கலர் பிரிவுக்கோ மோனோக்ரோம் பிரிவுக்கோ அனுப்பியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

பொறுப்பில் இருப்பவன் (திங்கள், மதியம் 1.20)

செயற்குழுவில் இருக்கிறேன். இது என் சொந்தக் கருத்து, கிளப்பின் முடிவு அல்ல.

எங்கள் விதித்தாளில் டிராவலுக்கு இருப்பது ஒரே வரி: "ஓர் இடத்தின் வாழ்க்கை, பண்பாடு ஆகியவற்றைக் காட்டும் படங்கள்". காசு கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. அமெரிக்க போட்டோகிராஃபிக் சொசைட்டியான பிஎஸ்ஏ வைத்திருக்கும் டிராவல் வரையறை தெளிவானது. படம் எடுப்பதற்காகவே ஏற்பாடு செய்த நிகழ்ச்சி, கூலிக்கு அமர்த்திய ஆட்கள், சொல்லிச் செய்ய வைத்தவை எதுவும் டிராவலில் செல்லாது. நம் உறுப்பினர்கள் பலர் வெளியூர் சலூன்களுக்கு (போட்டோ போட்டிகளுக்கு) அனுப்பி அக்செப்டன்ஸ் (தேர்வான படங்களின் கணக்கு) சேர்ப்பவர்கள், அவர்களுக்கு இந்த வரையறை மனப்பாடம். ஆனால் அது எங்கள் விதித்தாளில் இல்லை. போட்டி முடிந்த பிறகு விதியைக் கொண்டுவந்து பரிசைப் பறிப்பது நியாயமா? அடுத்த போட்டிக்கு முன் விதியைத் திருத்தலாம் என்கிறேன். இந்தப் பரிசு இருக்கட்டும்.

இன்னொன்று. வாக்கை நடத்தியதே கிளப்தான். ஆளை அமர்த்தியதும் கிளப்தான். உறுப்பினரிடம் 350 வாங்கிக்கொண்டு அந்தப் படத்தை எடுக்க வைத்துவிட்டு, அனுப்பினால் தகுதி நீக்கம் என்றால் அவர் நம்மைத்தான் திட்டுவார்.

போன்காரன் (திங்கள், இரவு 7.30)

கடைசிப் பத்திதான் விஷயமே. யாரும் அதைத் தொடவில்லை.

நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போனில் எடுப்பவன். மாதத்துக்கு ஒரு பேச்சு, ஒரு வாக், ஒரு போட்டி. பேச்சுக்கு வருபவர் முதல் இருபது நிமிடம் தன் லென்ஸைப் பற்றிப் பேசுவார். போன முறை பறவைப் படம் எடுக்கும் ஒருவர் வந்தார், 600 எம்எம் லென்ஸைத் தூக்கிக்கொண்டு எத்தனை மணிக்குக் கூந்தன்குளம் போக வேண்டும் என்று சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காப்பாற்றி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாக்கில் 22 பேரும் ஒரே வரிசையில் நிற்போம். போட்டியில் நடுவருக்கு வட்ட வலை பிடிக்கும் என்று தெரிந்து வட்ட வலையை அனுப்புவோம். நடுவருக்கும் அது பிடிப்பதற்குக் காரணம், அவரும் இதே மாதிரி வாக்கில் வளர்ந்தவர். அந்தப் பெரியவர் பெயர் இங்கே யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது, நானும் அங்கே இருந்தேன்.

டார்க்ரூம் (திங்கள், இரவு 8.00)

எட்டு மாதத்தில் எல்லாம் புரிந்துவிட்டது உங்களுக்கு! அந்த வட்ட வலையை நிறுத்தி எடுக்க ஷட்டர் எவ்வளவு வேண்டும், எக்ஸ்போஷரை வானத்துக்கு வைப்பதா ஆளுக்கு வைப்பதா என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். முப்பது தடவை வீசியதால்தான் கற்றார்கள். பாடகர் சாதகம் பண்ணுவது மாதிரி. அதைக் கேலி செய்யாதீர்கள்.

போன்காரன் (திங்கள், இரவு 8.12)

சரிதான் சார். சாதகத்தைக் கச்சேரி என்று டிக்கெட் போடாமல் இருந்தால் போதும்.

ஒற்றை லென்ஸ் (திங்கள், இரவு 8.50)

இதை விட்டுவைத்தால் அடுத்தது ஏஐ வரும். 2023-ல் சோனி உலக போட்டோ விருதில் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர் ஏஐ படத்தை அனுப்பி, பரிசும் அறிவித்த பிறகு "இது போட்டோ அல்ல, எனக்கு வேண்டாம்" என்று மறுத்தாரே. நம் நடுவர்கள் கண்டுபிடிப்பார்களா?

டார்க்ரூம் (திங்கள், இரவு 9.05)

ஏஐயையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இங்கே ஒரு மனிதர் தண்ணீரில் நின்றார், ஒரு மனிதர் கரையில் நின்றார். கேமரா பதிவு செய்த அசல் ரா ஃபைல் கேட்டால் கொடுப்பார்.

போன்காரன் (திங்கள், இரவு 9.20)

இதில் டார்க்ரூம் சார் பக்கம் நான். 2024-ல் தலைகீழாகவும் நடந்தது. தலையை உள்ளே நுழைத்து வயிற்றைச் சொறியும் ஒரு பூநாரை, தலையே இல்லாதது மாதிரி தெரியும். நிஜப் படம், அதை ஏஐ பிரிவுக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார் ஒருவர். உண்மையைச் சொன்னதும் தகுதி நீக்கம். பிரிவு தவறு என்றால் நிஜப் படமும் வெளியே போகும். நம் வலைப் படத்துக்கும் அதே கணக்குதான். ரா ஃபைல் சுத்தமாக இருக்கலாம், அனுப்பிய பெட்டிதான் தப்பு.

கீழவீதி (செவ்வாய், காலை 7.15)

அந்தப் படம் என்னுடையது. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று.

என் முதல் பரிசு அது. வீட்டில் ஃப்ரேம் போடக்கூடக் கொடுத்துவிட்டேன். டிராவலுக்கு அனுப்பியது ஏமாற்ற நினைத்து இல்லை. பழவேற்காட்டுக்குப் பயணம் போனேன், அதனால் டிராவல் என்று நினைத்தேன். சிரித்தால் சிரியுங்கள். பிஎஸ்ஏ விதியெல்லாம் இங்கே படித்துத்தான் தெரியும்.

பெரியவர் பெயர் எனக்குத் தெரியும். வலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தபோது, "போட்டோவில் ஒண்ணு குடுப்பீங்களா?" என்று கேட்டார். "கண்டிப்பா ஐயா" என்றேன். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் அதையே சொல்வதைக் கேட்டேன். யாராவது கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? நான் கொடுக்கவில்லை.

பரிசை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் திரும்பக் கேட்டாலும் எனக்குச் சரி. ஆனால் படத்தின் கீழே "ஏற்பாடு செய்து எடுத்தது" என்று போட்டு, டிராவலிலிருந்து கலருக்கு மாற்றச் சொல்லி இன்று மெயில் அனுப்புகிறேன்.

முகத்துவாரம் (செவ்வாய், காலை 7.40)

தம்பி, உங்கள் மீது எனக்குக் கோபமே இல்லை. நல்ல வெளிச்சம் அது. பறி இல்லாததுதான் உறுத்தியது.

டார்க்ரூம் (செவ்வாய், காலை 8.30)

கீழவீதி, நீங்களாக மாற்றிக்கொள்வது வேறு. செயற்குழு பரிசைப் பறித்தால் நான் எதிர்த்து எழுதுவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன். விதி இல்லாமல் தண்டனை கிடையாது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நான் படம் எடுத்த ஆட்களுக்குப் பிரிண்ட் கொடுத்தது விரல் விட்டு எண்ணலாம். அப்போது பிரிண்ட் செலவு அதிகம் என்று ஒரு சாக்கு இருந்தது.

மணல்மேடு (செவ்வாய், காலை 9.00)

நான் இன்னும் என் கருத்தில்தான் இருக்கிறேன். பரிசைக் கீழவீதி தானே மாற்றிக்கொண்டாலும், அதே வலையை அனுப்பிய மற்ற நாலு பேரும் சொல்ல வேண்டும். அவர்களில் இருவர் இந்த இழையைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பொறுப்பில் இருப்பவன் (செவ்வாய், மாலை 6.10)

மெயில் வந்தது. வியாழக்கிழமை கூட்டத்தில் வைக்கிறோம். விதித் திருத்தத்தையும் அதிலேயே பேசுவோம். யாராவது வரைவு எழுதித் தந்தால் வேலை குறையும். அடுத்த வாக்கில் ஆள் அமர்த்தும் ஏற்பாடு இருக்காது. அதற்குக் கட்டணத்தைக் குறைப்பீர்களா என்று இப்போதே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கீழவீதி (செவ்வாய், இரவு 9.30)

12க்கு 18 அங்குலப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். ஞாயிறு காலை 4 மணிக்கு என் காரில் பழவேற்காடு கிளம்புகிறேன், மூன்று சீட் இருக்கிறது. முகத்துவாரம் அக்கா, உங்கள் அப்பா வீட்டில் இருப்பாரா?

முகத்துவாரம் (செவ்வாய், இரவு 9.45)

இருப்பார். ஆறு மணிக்குள் வந்தால் தண்ணீரில் இருப்பார். எந்தப் பக்கம் நின்று வீசுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பச் சொன்னால் திட்டுவார்.

டார்க்ரூம் (செவ்வாய், இரவு 9.52)

முன் சீட் எனக்கு. முட்டி வலி.