ஓய்வுபெறும் கிரைண்டிங் ஆபரேட்டரின் கைப்பக்குவத்தைப் பதிவு செய்ய யோசனை தேவை

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் டூல்ரூம் நடத்தும் நண்பர்களின் உதவி வேண்டும். எங்கள் சிலிண்டிரிக்கல் கிரைண்டிங் (உருளை வடிவ பாகங்களைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும்) பிரிவின் மூத்த ஆபரேட்டர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.

வேலைமுறைத் தாளில் எண்கள் எல்லாம் உண்டு: டிரெஸ்ஸிங் (மழுங்கிய சாணைச் சக்கரத்தின் மேற்பரப்பைச் சீவிக் கூராக்குவது) ஒரு பாஸுக்கு 0.02 மி.மீ., கூலன்ட் செறிவு 4%, கடைசியில் ஃபீட் கொடுக்காமல் 3 பாஸ். இல்லாதது அவர் முடிவெடுக்கும் இடங்கள்தான். வீல் (சாணைச் சக்கரம்) மழுங்குவதைச் சத்தத்தில் கண்டுபிடித்து உடனே டிரெஸ் செய்கிறார். புதியவர்கள் பீஸ் எண்ணிக்கையை நம்பிக் காத்திருப்பதால் ஈஎன்31 (பேரிங் ஸ்டீல்) ஷாஃப்டில் பர்ன் (சூட்டால் வரும் கருகல்) விழுகிறது.

"எப்படிச் செய்றீங்க அண்ணே?" என்றால் "பழக்கம்தான்" என்பார். ரிஜெக்ட் ஆன பீஸைக் கையில் கொடுத்து "இது எதனால?" என்று கேட்டால் காரணங்கள் கொட்டும். ஆகவே ஒரு குறைக்கு ஒரு வீடியோ, 2 நிமிடம், மெஷின் சத்தத்தோடு எடுத்து, மெஷினிலேயே க்யூஆர் ஒட்டுகிறோம்.

தொட்டு உணர்வதை எப்படிப் பதிவு செய்தீர்கள்? கன்னடம், தமிழ், இந்தி கலந்த ஷிஃப்டில் எந்த மொழியில் பேச வைத்தீர்கள்? முக்கியமாக, வீல் கிரேடு (சக்கரத்தின் கடினத்தன்மை) மாறினால் பழைய வீடியோவை நீக்கும் பொறுப்பு குவாலிட்டிக்கா, லைன் சூப்பர்வைசருக்கா? செய்து பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.