புயலிலே ஒரு தோணி: தொடரலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பொங்கோல் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஓ லெவல் பரீட்சையோடு தமிழை மூட்டை கட்டி வைத்தவள் நான். சில மாதங்களுக்கு முன்னால் அசோகமித்திரனின் 'தண்ணீர்' கையில் கிடைத்தது. சின்னப் புத்தகம்தானே என்று எடுத்தேன். ஜமுனாவும் சாயாவும் குடத்தோடு தெருத்தெருவாக அலைவதைப் படித்த பிறகு வீட்டில் குழாயைத் திறக்கவே ஒரு மாதிரியாக இருந்தது. பெரிதாக எதுவும் நடக்காது, யாரும் வசனம் பேச மாட்டார்கள், ஆனாலும் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சூட்டோடு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை நூலகத்தில் எடுத்துவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் நம்ம வட்டாரத்துக் கதை, சுமத்ராவின் மேடான், மலாயாவின் பினாங்கு, ஜப்பான்காரன் காலம், கட்டாயம் படிக்கணும் என்று சொன்னதால்தான். ஜப்பான் படை மேடானுக்குள் நுழைகிற ஆரம்பம் பிரமாதம். அதற்கப்புறம்தான் வினை. கதாநாயகன் பாண்டியன் எதையோ நினைக்கிறான், உடனே அவன் ஊர் சின்னமங்கலம், அங்கிருந்து மதுரைத் தெருக்கள், யாரோ விலை பேசுகிறார்கள், யாரோ வைகிறார்கள், நடுவில் பழைய பாட்டு மாதிரி வரிகள், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படிக்கிற புத்தகமா இது?

தொடரலாமா? அல்லது இதைப் படிக்க ஏதாவது வழி இருக்கிறதா? அப்படியே நீங்கள் சமீபத்தில் படித்ததையும் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் அங்கிள்:

தொடருங்கள் அம்மா, ஆனால் இப்போது வேண்டாம். முதலில் அவருடைய இன்னொரு நாவல் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். 1959இல் வந்தது, மெல்லிய புத்தகம், நேரான கதை. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வயிரமுத்துப் பிள்ளை, அவரிடம் வேலை பார்த்த செல்லையா, பிள்ளையின் மகள் மரகதம். பையன் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்விட்டு வருகிறான், முதலாளிக்கு மாப்பிள்ளையாக அவன் வேண்டாம், கடைக்காரன் துப்பாக்கி தூக்கினால் அப்புறம் பேரேட்டுக்கு ஆகமாட்டான் என்கிற கணக்கு. அவ்வளவுதான் கதை. அதைப் படித்து முடித்தால் அந்த உலகத்து ஆட்கள் எப்படிப் பேசுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்பதெல்லாம் பழகிவிடும். பிறகு 1972இல் வந்த தோணிக்குள் ஏறினால் தலை சுற்றாது.

என் அப்பா இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்கிற வட்டிக்கடைக் கூடத்தில் இருந்தவர். ஒரே நீளக் கூடம், ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, தரையில் சம்மணம், ராத்திரி அதே இடத்தில் பாய் விரித்துப் படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக இருக்கும், யார் முதலில் சாப்பிடுவது என்பதில்கூட வரிசை உண்டு என்பார். சிங்காரம் அந்த மாதிரிக் கடைகளில் வேலை பார்த்தவர், அதனால் ஒரு வார்த்தை தப்பாக விழாது. நம் ஆட்கள் இங்கே வந்து கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள் என்று விழா மலர்களில் எவ்வளவோ படித்துவிட்டோம். ராத்திரி கடை சாத்தின பிறகு அவர்கள் எதைப் பற்றி வம்பு பேசினார்கள் என்பது இந்த ஒருவரிடம்தான் எனக்குக் கிடைத்தது.

தொங்கான் என்கிற பாய்மரச் சரக்குக் கப்பலில் ஏறிக் கடலைக் கடக்கும் புயல் அத்தியாயம் வரைக்குமாவது போய்விடுங்கள். அங்கே வாக்கியங்களே அலையோடு ஏறி இறங்கும். வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்கும்.

'தண்ணீர்' பற்றி ஒன்று. 1963இல் இங்கேயும் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது, அடுத்த வருஷம் பிப்ரவரி வரை. அந்தக் கதையை எங்கள் வயசுக்காரர்களிடம் கொடுத்துப் பாருங்கள், மெட்ராஸ் கதை என்றே நினைக்க மாட்டோம்.

ஷிப்யார்ட் சிவகங்கை:

அக்கா, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிற பக்கங்கள்தான் எனக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தன. சிங்காரம் எங்கள் சிங்கம்புணரிக்காரர். சந்தையில் பேரம் பேசுவது, அடுத்தவன் வீட்டுக் கதையைத் திண்ணையில் வைத்து அலசுவது, எல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, என் பெரியப்பா பேசினால் அந்தப் பக்கங்களை வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். எனக்குக் கஷ்டம் மறுபக்கம். டச்சுக்காரன் வைத்த தெருப்பெயர், நடுநடுவே மலாய்ப் பேச்சு. அதையெல்லாம் எங்கள் கப்பல் யார்டில் இருக்கும் மலேசிய ஜொகூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தாண்டினேன். அவருக்கு ஊர்ப் பகுதி புரியவில்லை, எனக்குக் கடல் பகுதி புரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகத்தை முடித்தோம் என்று வையுங்கள்.

யார் பேசுகிறார்கள் என்று தேடாதீர்கள் அக்கா. பாண்டியன் மேடானில் நிற்கிறான், மனசு மட்டும் ஊரில் மேய்கிறது. விடுதியில் ராத்திரி விளக்கணைத்த பிறகு மேல் கட்டிலில் படுத்திருக்கிறவனுக்கு மண்டைக்குள் என்ன ஓடுமோ அதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். அம்மா பேசுவதும் கடைக்காரன் பேசுவதும் வாத்தியார் பாட்டுச் சொல்லுவதும் ஒன்றாகத்தான் வரும், வரிசையாக வராது.

சமீபத்தில் படித்தது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020க்கான சாகித்ய அகாடமி விருது வாங்கியது. ஒரு பெண் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அப்பா கையில் பணம் இருக்கிறது, அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. நான் கப்பலில் வெல்டிங் மாதிரி ஹாட் ஒர்க் பார்க்கிறவன், தீ என்றால் என்ன என்று தெரியும். வார்டுக்கு வெளியே உட்கார்ந்து மாமனார் வீடு, மாப்பிள்ளை வீடு, போலீஸ், சொந்தக்காரர்கள் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பேச்சு நிற்கவே நிற்காது, படிக்கிற நமக்குக் கத்த வேண்டும் போல் இருக்கும். அப்படி எழுதியது வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். நல்ல நாவல். வேலை நாளில் படிக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ் டீச்சர்:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் மறுபக்கம் உட்காருகிறேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிடிக்காத புத்தகத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நூலகத்தில் 21 நாள் தவணை, அதை ஏன் பரீட்சை மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும்?

நான் தோணியை முழுசாகப் படித்தவள்தான். மொழி அபாரம், மறுக்கவில்லை. ஆனால் பாண்டியன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன், எங்கே போனாலும் ஜெயிக்கிறான், நண்பர்கள் கூடி உட்கார்ந்து தமிழ்ப் பெருமையைக் கிண்டல் செய்துகொண்டே அதே பெருமையில் குளிக்கிறார்கள். பெண்கள் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். என்னுடைய பெரிய மனத்தாங்கல் வேறு. அந்தப் போர்க்காலத்தில் அதிகம் செத்தது கடைப் பையன்கள் இல்லை, தோட்டத் தொழிலாளிகள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட மரண ரயில்பாதை, 415 கிலோமீட்டர், 1943இல் முடித்தார்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அவர்கள் பாண்டியன் கதையின் மையத்துக்கு வருவதே இல்லை.

அதற்கு மலேசியாவின் அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' படியுங்கள். நடை சாதாரணம்தான், சிங்காரத்தின் பக்கத்தில் வைக்க முடியாது, சில இடங்களில் வரலாற்றுப் பாடம் மாதிரிகூட இருக்கும். ஆனால் காலராவும் காட்டுப்புண்ணும் கஞ்சித் தகரமும் யாருக்கு நேர்ந்தனவோ அவர்கள் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். என் உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு அதைப் பற்றிச் சொன்னபோது ஒரு பையன் தன் கொள்ளுத்தாத்தா அங்கே போனவர் என்றான். வீட்டில் யாரும் அதற்குமேல் பேசுவதில்லையாம்.

தெம்பனிஸ் அங்கிள்:

டீச்சர், தோட்டம் இல்லை என்பது சரியான குறை. ஆனால் அவர் தனக்குத் தெரிந்த உலகத்தை எழுதினார், தெரியாததைத் தொடவில்லை, அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாண்டியன் கெட்டிக்காரன் என்பதும் முதல் பாதிக்குத்தான் சரி. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் இங்கே பாடாங் திடலில் பேசினதைக் கேட்டுவிட்டு எத்தனையோ கடைப் பையன்கள் பேரேட்டை மூடிவிட்டு இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனார்கள். போய் என்ன ஆனார்கள்? அந்த வெறுமைதான் இரண்டாம் பாதி. அவன் எங்கே போனாலும் அவனுக்கு ஒட்டவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

உட்லண்ட்ஸ் டீச்சர்:

கவனித்தேன் அங்கிள். ஒட்டாமல் இருக்கிற ஆண்களைப் பற்றித் தமிழில் போதுமான அளவு நாவல் இருக்கிறது என்பது என் கட்சி.

இரவுப்பணி தாதி:

வார்டில் சத்தமில்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன், சண்டையில் நான் இல்லை. எனக்கு நீளப் புத்தகம் ஒத்துவராது, சிறுகதைதான். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் பாதி முடித்தேன். 'சோற்றுக்கணக்கு' எல்லாரும் கொண்டாடுகிற கதை, திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் என்கிறவர் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார், யாரிடமும் காசு கேட்பதில்லை, முன்னால் ஒரு உண்டியல் மாதிரிப் பெட்டி, போடுகிறவர்கள் போடலாம். காசில்லாத பையன் இலைமுன் கூச்சத்தோடு உட்கார, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மீனைத் தூக்கி இலையில் வைக்கிற இடம் இருக்கிறதே, அங்கே எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. கொஞ்சமும் அன்பாகப் பேசாத ஒருவரை வைத்து அன்பைக் காட்டியிருக்கிறார்.

ஆனால் தொடர்ந்து படித்தால் ஒரு சலிப்பு. ஒவ்வொரு கதையிலும் ஒரு மகாத்மா, ஒவ்வொரு கதை முடிவிலும் நாம் அழ வேண்டும். நான்காவது கதையில், சரி, எப்போது அழவிடப் போகிறார் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். வாரத்துக்கு ஒன்று என்று படித்தால் தப்பிக்கலாம்.

வாசகி அக்கா, நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களையும் பாருங்கள், தமிழும் இருக்கிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பக்கம் தள்ளலாம். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது எனக்கு அதைவிட முக்கியம், நம் பதிப்பகங்கள் ஏன் எறும்பு சைஸில் அச்சடிக்கின்றன என்று இன்னும் புரியவில்லை.

பொங்கோல் வாசகி:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. சிவகங்கைத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று அந்தப் பக்கங்களை வீட்டில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன். என் மாமியார் அடுப்படியிலிருந்து வந்து, இதென்ன எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் படி என்றார். அவர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம். இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் வாசிக்கிறேன், அவர் நடுநடுவே நிறுத்தி விளக்குகிறார், சில இடங்களில் விளக்க மறுத்துச் சிரிக்கிறார்.

டீச்சர், 'நினைவுச்சின்னம்' விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தில் கிடைக்குமா, தேக்கா புத்தகக் கடைகளில் தேட வேண்டுமா? ரயிலில் படிக்க 'கடலுக்கு அப்பால்' எடுத்து வைத்திருக்கிறேன்.

உட்லண்ட்ஸ் டீச்சர்:

முதலில் நூலகத்துப் பட்டியலில் தேடுங்கள், எல்லாக் கிளையிலும் இருக்காது, முன்பதிவு செய்தால் பக்கத்துக் கிளைக்கு வரவழைக்கலாம். கிடைக்கவில்லை என்றால் என் பிரதியைத் தருகிறேன், ஓரங்களில் பென்சிலில் நிறையத் திட்டி வைத்திருப்பேன், கண்டுகொள்ளாதீர்கள். மாமியார் எந்த இடத்தில் விளக்க மறுத்தார் என்பதை மட்டும் தனியாக எனக்கு எழுதுங்கள்.