வண்டலூரில் வெள்ளைப்புலிகளைத் தொடர்ந்து பெருக்க வேண்டுமா?

கானவன்:
வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் இப்போது இருக்கும் வெள்ளைப்புலிகளை ஆயுள் முழுதும் நன்கு பராமரிக்க வேண்டும். ஆனால் அவற்றை மேற்கொண்டு இனப்பெருக்கம் செய்விக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. வெள்ளைப்புலி தனி இனமன்று. ஒரே மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் செம்மஞ்சள் நிறம் மறைந்த வங்கப் புலிதான் அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மாற்றம் வந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதிக் காட்டில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற வெள்ளைப்புலியைச் சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் வழக்கமான நிறத்துக் குட்டிகள். ஆகவே மோகனை அதன் மகளான ராதாவோடு சேர்த்து, 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றார்கள். இன்று உலகெங்கும் அடைப்புகளில் உள்ள வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அவ்வழியில் வந்தவையே. பலவற்றிடம் காணப்படும் மாறுகண்ணை அழகென்று எண்ணிப் படமெடுக்கிறோம்.

தாம்பரத்தான்:
மோகன் காட்டில் பிறந்த புலி என்பதைத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே அந்த நிறத்தை மனிதன் படைத்ததாகச் சொல்ல இயலாது. நெருங்கிய உறவுக் கலப்புதான் குறை என்றால், வேறு வழிவந்த புலிகளோடு சேர்த்து அதைக் குறைக்கலாமே. இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரள்வதைக் கண்டுதான் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அதன் வளாகத்தில் விலங்குக்காட்சியைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 1985இல் வண்டலூரில் திறக்கப்பட்ட பூங்கா சுமார் 600 ஹெக்டேர் பரப்புடையது. வெள்ளைப்புலிக்காக வருகிற குடும்பம் வழியில் காட்டுமாட்டையும் நீர்யானையையும் சிங்கவால் குரங்கையும் பார்த்துவிட்டுத்தான் போகிறது. கூட்டத்தை ஈர்க்கும் விலங்கை நீக்கிவிட்டு மற்றவற்றுக்குத் தீனி போடுவது எப்படி?

மலைநாடன்:
பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது உண்மைதான். நின்று பார்க்கிறார்களா என்பதே என் ஐயம். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மரக்கிளைகளிலேயே வாழ்ந்து பழகிய அவ்விலங்கு, சோலைக்காடுகள் துண்டுபட்டதால் வால்பாறைப் பகுதியில் சாலையில் இறங்கி வண்டிகளில் அடிபடுகிறது. அதே மலையில் வாழும் கருமந்தி என்னும் கருங்குரங்கை லேகியத்துக்காக வேட்டையாடிய கொடுமையும் நம் ஊரில்தான் நடந்தது. இவ்விரண்டையும் பார்வையாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை வண்டலூருக்கு உண்டு. அதே வேளையில், வெள்ளைப்புலியைப் பார்க்க வருகிறவர்களை அறியாதவர்கள் போலப் பேசுவதையும் நான் ஏற்கவில்லை. பலகையில் உண்மையை எழுதி வைக்காமல் பார்வையாளரைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

கானவன்:
தாம்பரத்தான் ஐயா, வேறு வழிப் புலிகளோடு சேர்ப்பதற்கும் விலை உண்டு. முதல் தலைமுறையில் வெள்ளைக் குட்டி அநேகமாகக் கிடைக்காது. மீண்டும் அந்த நிறத்தைப் பெற, மரபணு மாற்றத்தைச் சுமக்கும் புலிகளையே தேடிச் சேர்க்க வேண்டும். இடையில் பிறக்கும் குட்டிகளுக்கும் அடைப்பு, இறைச்சி, மருத்துவம், பராமரிப்பாளர் என எல்லாமே தேவை. வெள்ளைப்புலிகளைத் திட்டமிட்டுப் பெருக்குவதை அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011இலேயே தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்துவிட்டது. காட்டுப் புலிகளின் பாதுகாப்புக்கு இந்த நிறத்தைப் பெருக்குவதால் ஒரு பயனும் இல்லை.

தாம்பரத்தான்:
அமெரிக்கச் சங்கத்தின் விதி நம் பூங்காவைக் கட்டுப்படுத்தாது. இருப்பினும், உள்ள புலிகள் அவற்றின் ஆயுள் முடியும்வரை காட்சியில் இருக்கும் என்றால், எனக்குள்ள எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது. மீதிப் பாதி வருமானம் பற்றியது. சிங்கவால் குரங்கைக் காண மட்டும் ஒரு குடும்பம் சீட்டு வாங்கி வரும் என்று நான் இன்னும் நம்பவில்லை.

மலைநாடன்:
அப்படி ஒரு விலங்குக்காக மட்டும் வர வேண்டியதில்லை. சிங்கங்களைக் காணும் உலாவுக்கும் சாதாரண வங்கப் புலிக்கும் கூட்டம் வரத்தான் செய்கிறது; செம்மஞ்சள் புலியைப் பார்த்துச் சலித்துத் திரும்பிய குழந்தையை நான் இன்னும் கண்டதில்லை.