மரணக்கிணறு முதல் ரோலர் கோஸ்டர் வரை: பயத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு என்ன?

கேள்வி – நெல்லை டவுன் வாசகி

ஆனித் திருவிழாவையொட்டி நடக்கும் பொருட்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். மரணக்கிணற்றின் மேல்தளத்தில் நின்று, மோட்டார் சைக்கிள் சுவரோடு ஒட்டிச் சுற்றுவதையும், ஓட்டுநர் வண்டியை ஓட்டிக்கொண்டே பார்வையாளர் நீட்டும் ரூபாய் நோட்டைப் பறிப்பதையும் பார்த்த என் மகன், "அவர் ஏன் கீழே விழவில்லை?" என்று கேட்டான். அடுத்த விடுமுறையில் கொச்சியில் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்கும் செல்லவிருக்கிறோம். இத்தகைய விளையாட்டுகளையும் சாகசக் காட்சிகளையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சுவையாகச் சொல்லத்தக்க உண்மைத் தகவல்கள் இருந்தால் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வருபவற்றை நம்பிச் சொல்ல மனம் வரவில்லை.

பாளை இயற்பியல் ஆசிரியர்

மகன் கேட்டது நல்ல கேள்வி, அம்மா. வண்டி நேராகப் போகத்தான் முயல்கிறது. வளைந்த சுவர்தான் அதை இடைவிடாமல் உள்நோக்கித் தள்ளி வட்டத்தில் திருப்புகிறது. கிணற்றின் ஆரம் 5 மீட்டர், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுவர் தரும் அந்த விசை வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிவிடும். அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது, டயருக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வே எடையைத் தாங்கிக்கொள்ளும். வேகம் குறைந்தால் அழுத்தமும் குறைந்து வண்டி வழுக்கத் தொடங்கும் என்பதால், ஓட்டுநர் நினைத்த இடத்தில் வேகத்தைத் தளர்த்திவிட முடியாது. அடியில் உள்ள சரிவுப் பலகைக்கு இறங்கி வந்த பிறகே மெதுவாக்குவார்.

அடுத்த முறை பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் முழுக்கக் கிடையாக இருக்கமாட்டார். அவருடைய தலை கிணற்றின் வாயை நோக்கிச் சற்று உயர்ந்திருக்கும். மேலே சொன்ன வேகத்துக்கு அந்தச் சாய்வு 20 பாகையைச் சற்றுத் தாண்டும். அந்தச் சாய்வு இல்லையென்றால் வண்டி கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

தாமிரபரணிக் கரையான்

அக்கா, ரோலர் கோஸ்டரைப் பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலானவற்றில் பெட்டிகளுக்கு எஞ்சினே கிடையாது. முதல் மேட்டுக்குச் சங்கிலி இழுத்துச் செல்லும். மற்றதெல்லாம் அந்த உயரத்தைச் செலவழிப்பதுதான். ஏறும்போது 'டக் டக்' என்று கேட்டு வயிற்றைக் கலக்கும் ஒலி, சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னோக்கி உருளாதபடி பற்களில் விழுந்துகொண்டே வரும் தடுப்புக் கொக்கியின் ஒலி. நம்மைப் பயமுறுத்துவதே நம்மைக் காப்பாற்றுவதாக இருப்பது வேடிக்கைதான்.

1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்க்கஸ் தாம்சன் தொடங்கிய சறுக்கு ரயிலின் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. கட்டணம் 5 சென்ட். அதே தீவில் 1895-இல் வந்த 'ஃபிளிப் ஃபிளாப்' தலைகீழாகச் சுற்றியது. ஆனால் அதன் வளையம் சரியான வட்டமாக இருந்ததால், வளையத்துக்குள் நுழையும் கணத்திலேயே உடல் எடையைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு அழுத்தம் வந்து பலருக்குக் கழுத்து வலி கண்டது. இன்றைய வளையங்கள் மேலே குறுகி, கீழே அகன்று, நீர்த்துளி வடிவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் 1976-இல் வந்த 'ரெவல்யூஷன்' இவ்வடிவத்தை நிலைநாட்டியது.

நம் ஊர் வெயிலில் கல்லடைப்பு வந்து வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்களுக்காக இன்னொன்று: மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வார்ட்டிங்கர், சிலிக்கோனால் செய்த மாதிரிச் சிறுநீரகத்தில் உண்மையான கற்களை வைத்து, ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவின் 'பிக் தண்டர் மவுண்டன்' என்ற ரோலர் கோஸ்டர் ரயிலில் பலமுறை பயணம் செய்து பார்த்தார். பின் இருக்கையில் சுமார் 64 விழுக்காடு முறையும், முன் இருக்கையில் சுமார் 17 விழுக்காடு முறையும் கற்கள் நகர்ந்து வெளியேறின. 2016-இல் வெளியான இந்த ஆய்வுக்கு 2018-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. சோதிக்கப்பட்டது மாதிரி உறுப்புதான். எனவே வைத்தியத்துக்குப் பதிலாக யாரும் பயணச்சீட்டு வாங்க வேண்டாம்.

சாகசப் பிரியன்

சாகசக் காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவில் நடக்கும் 'வாட்டர்வேர்ல்டு' என்ற நீர்ச் சாகசக் காட்சி முதலில் 1995-இல் ஹாலிவுட்டில் தொடங்கப்பட்டது. இத்தகைய காட்சிகளில் உயரத்திலிருந்து காற்றுப்பையின்மேல் விழுபவர்கள் பெரும்பாலும் முதுகு படும்படி, மல்லாந்த நிலையில்தான் விழுவார்கள்; காலை ஊன்றி இறங்கினால் எலும்பு முறியும். உடலில் தீப்பற்றி ஓடுபவர், பாதுகாப்பு உடைக்கு உள்ளே வெப்பத்தைத் தாங்கும் குளிர்ந்த ஜெல்லைப் பூசியிருப்பார். உடைந்து சிதறும் கண்ணாடி முன்பு சர்க்கரையைக் காய்ச்சிச் செய்யப்பட்டது. இப்போது எளிதில் நொறுங்கும் பிசின்தான்.

நெல்லை டவுன் வாசகி

மூவருக்கும் நன்றி. உயரத்திலிருந்து செங்குத்தாக விழும் கோபுரத்தில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும், அண்ணாச்சி? என் மாமியார் முதலில் கேட்டது இதைத்தான்.

பாளை இயற்பியல் ஆசிரியர்

அவர்கள் கேட்டது நியாயமே. இன்றைய கோபுரங்கள் பலவற்றில் இருப்பது காந்தத் தடை. அதற்கு மின்சாரம் தேவையில்லை. இருக்கைகளிலும் கோபுரத்திலும் நிலைக்காந்தங்களும் செம்பு அல்லது அலுமினியத் தகடுகளும் எதிரெதிரே பொருத்தப்பட்டிருக்கும். ஒன்றை ஒன்று கடக்கும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதன் காந்தப்புலம் வேகத்தை எதிர்க்கும். தேர்ச்சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை கொடுப்பதைப்போல உரசி நிறுத்துவதில்லை என்பதால் தேய்மானமும் இல்லை. வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். வேகம் குறைந்தால் எதிர்ப்பும் தளரும். ஆகவே இந்தக் காந்தம் மட்டும் இருக்கையை முற்றிலும் நிறுத்திப் பிடிக்காது; மெதுவாக இறங்கிவரச் செய்யும், கடைசியில் வேறு தாங்கி நிறுத்தும்.

ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவில் பழைய விடுதியைப்போல் கட்டப்பட்ட 'டவர் ஆஃப் டெரர்' இதற்கு நேர்மாறு. அங்கே பெட்டி தானாக விழுவதில்லை. கம்பிவடம் அதைப் புவியீர்ப்பைவிட வேகமாகக் கீழே இழுக்கிறது. கட்டடத்தின் உயரம் 199 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கைப் பொருத்த வேண்டியிருக்கும், அது பழைய விடுதியின் தோற்றத்தைக் கெடுத்துவிடும் என்று ஓர் அடி குறைவாகவே நிறுத்திக்கொண்டார்கள். மாமியாருக்கு இதயக் கோளாறோ கழுத்து எலும்புத் தேய்மானமோ இருந்தால், கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள், அம்மா.