பொருள்: கைடட் வேவ் – தமிழில் என்ன?

பாலக்கோட்டிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். சாதாரண மீயொலித் தடிமன் சோதனை மெகாஹெர்ட்ஸ் அளவில் நடக்கும். உணரி தொட்ட இடத்தின் தடிமனை மட்டும் சொல்லும். நான் எழுதுவது வேறு. குழாயைச் சுற்றி உணரி வளையம் மாட்டி, சில பத்து கிலோஹெர்ட்ஸில் அலையைச் சுவரின் நீளவாக்கில் ஓடவிடுகிறோம். இருந்த இடத்திலிருந்தே இரு பக்கமும் பல மீட்டர் தூரம் அரிப்பைத் தேடலாம். வெப்பக்காப்பை முழுவதும் உரிக்க வேண்டாம். இதற்கு ‘வழிகாட்டு அலை’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

அரூரிலிருந்து:

பொருந்தாது. ‘வழிகாட்டு அலை’ வினைத்தொகை. காட்டுவது அலை என்றாகிவிடும். அலைக்கு வழிகாட்டுவது எது?

பாலக்கோட்டிலிருந்து:

குழாய்ச் சுவர்தான் ஐயா. உள்பரப்பிலும் வெளிப்பரப்பிலும் மாறிமாறி மோதுவதால் அலை சிதறாமல் சுவருக்குள்ளேயே போகிறது.

அரூரிலிருந்து:

அப்படியானால் அது ஆற்றுப்படுத்தப்படுகிற அலை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி அதுதான். சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரைச் சொல்லும் இடத்தில் நம் அதியமானும் இருக்கிறான். இந்த மாவட்டத்துக் கையேட்டுக்கு இதைவிட உரிமையுள்ள சொல் ஏது? ஆறு + அலை = ஆற்றலை. புணர்ச்சியும் சுத்தம்.

ஓசூரிலிருந்து:

ஐயா மன்னிக்க வேண்டும். வினாத்தாளில் ‘ஆற்றலை அளவிடுக’ என்று வந்தால் மாணவன் ஜூல் கணக்கைத் தேடுவானா, ஒகேனக்கல்லுக்கு பஸ் ஏறுவானா? நான் இந்தச் சோதனையைச் செய்பவன். களத்தில் எல்லோரும் ‘கைடட் வேவ்’ என்றே சொல்கிறோம். அதையே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். மாணவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. வெல்டிங் ஒவ்வொன்றும் எதிரொலி தரும். அதைத் தூரக்குறியாக வைத்துக்கொண்டுதான் இடையில் வருகிற சந்தேக எதிரொலியை இடம் காண்கிறோம். அரிப்பு எங்கே என்று அலை சொல்லும். மிச்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று நம்பகமாகச் சொல்லாது. அதற்கு அந்த இடத்தைத் திறந்து சாதாரண மீயொலிக் கருவியால் அளக்க வேண்டும். கையேட்டில் இது இருக்கிறதா?

தருமபுரியிலிருந்து:

‘தகட்டலை’யை ஏன் யாரும் நினைக்கவில்லை? தகட்டில் ஓடும் அலைகளை ஹொரேஸ் லாம்ப் 1917இல் கணக்கிட்டார். குழாய்ச் சுவர் சுருட்டிய தகடுதானே! தகடு, தட்டு, தட்டை எல்லாம் ஓரினம் என்பது என் எண்ணம். தருமபுரியின் பழைய பெயரான நம் தகடூரும் அந்த வேரே. தகடூரில் உட்கார்ந்துகொண்டு தகட்டை விடலாமா?

அரூரிலிருந்து:

தகடூருக்குத் தகடு காரணம் என்பதற்குச் சான்று தருக.

தருமபுரியிலிருந்து:

வேறு காரணம் இருந்தால் நீங்கள் தருக.

ஓசூரிலிருந்து:

தகட்டலை தவறாக வழிநடத்தும். குழாயில் நாங்கள் பெரிதும் பயன்படுத்துவது முறுக்கு வகை, அதாவது சுவர் குழாயைச் சுற்றிய திசையில் முறுகி ஆடும் அலை. உள்ளே தண்ணீர் இருந்தாலும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. நீர் சறுக்கு விசையைத் தாங்காது.

ஊத்தங்கரையிலிருந்து:

முறுக்குக்கு ‘முறுக்கலை’ தானாக அமைகிறது. அதே அச்சில் ‘நெறியலை’ என்றால் என்ன? நெறி என்றால் வழி. ஒரு கேள்வியும் உண்டு: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய்களை இப்படிச் சோதிக்க முடியுமா?

ஓசூரிலிருந்து:

குழாயைப் பொறுத்தது அம்மா. பற்றவைத்த எஃகுக் குழாயில் ஓடும். ரப்பர் வளையம் செருகி இணைத்த குழாயில் முதல் இணைப்போடு அலை நின்றுவிடும். மண்ணுக்குள் தார்ப்பூச்சோடு கிடந்தால் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். சொல் விஷயத்தில், நெறியலைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

தருமபுரியிலிருந்து:

எங்கள் ஊரில் கழுத்தில் கட்டும் வீக்கத்துக்குப் பெயர் நெறி. வகுப்பில் சிரிப்பார்கள்.

பாலக்கோட்டிலிருந்து:

சிரிக்கட்டும். அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார். ‘நெறியலை’ போகிறது, முதல் இடத்தில் ‘கைடட் வேவ்’ என்றும் இருக்கும். முறுக்கலையும் சேர்த்தாயிற்று. தடிமன் பற்றிய எச்சரிக்கை இல்லை. இன்றிரவு எழுதிச் சேர்க்கிறேன்.

அரூரிலிருந்து:

அச்சிடுங்கள். ஆனால் நெறி அலையின் குணமா, சுவரின் வேலையா என்பது ‘நெறியலை’யில் தெரியவில்லை. ‘நெறிப்படு அலை’ என்றிருந்தால் தெரியும். இடம் போதவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று எழுத்துதான் கூடும்.