ஜெர்மனி ஸ்டூடண்ட் விசா: பிளாக்டு அக்கவுண்ட் பணத்த கன்சல்டன்சியே போட்டு தர்றேன்றாங்க, நம்பலாமா?

கரிசக்காட்டு_மெக்கானிக்கல்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு கோவில்பட்டி பக்கம். மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டில இருக்கேன், சிஜிபிஏ 7.4, அரியர் இருந்துச்சு ஆனா எல்லாம் க்ளியர். வர்ற விண்டர் இன்டேக்குக்கு ஜெர்மனில மாஸ்டர்ஸ் போகலாம்னு இருக்கேன். ஒரு கன்சல்டன்சில கேட்டேன், அவங்க பீஸ் ஒன்னரை லட்சம், விசா கேரண்டின்றாங்க. பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ காட்டணுமாம், இப்ப யூரோ நூறு ரூபாய தாண்டிருச்சு, அப்ப 12 லட்சம் ஆகிப்போகுது, அப்பாவுக்கு இருக்கறது 4 ஏக்கர் கரிசக்காடு, உளுந்து, மக்காச்சோளம் போடுவோம், அவ்ளோ பணத்துக்கு எங்க போறது. அதுக்கு அவங்க சொல்றது, பணத்த நாங்களே போட்டு விடுறோம், விசா கைக்கு வந்ததும் நாங்க எடுத்துக்குவோம், அதுக்கு தனியா ஒரு லட்சம் குடுங்க, அப்பா கையெழுத்து போட்ட செக் ரெண்டு குடுங்கன்னு. பாதி பேரு இப்படித்தான் போறாங்கன்றாங்க. உண்மையா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்கண்ணே.

எல்பே_கரை

தம்பி முதல்ல அந்த செக்க குடுக்காத.

பேங்க் பேலன்ஸ் காட்டிட்டு அடுத்த வாரம் எடுத்துர்ற கதை இங்க நடக்காது, பேரே பிளாக்டு அக்கவுண்ட். பணம் உன் பேர்லதான் இருக்கும், நீ ஜெர்மனி வந்து, தங்கற எடத்த டவுன் ஹால்ல பதிவு பண்ணி, இங்க ஒரு சாதா பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்ண அப்புறம் மாசம் 992 யூரோ அதுல வந்து விழும், அதுக்கு மேல ஒரு சென்ட்டு கூட ஒரே மாசத்துல எடுக்க முடியாது. 12 மாசத்துக்கு கணக்கு போட்டுப்பாரு, அதான் 11,904. 2024 செப்டம்பர்ல இருந்து இதான் தொகை, அதுக்கு முன்ன 11,208 இருந்துச்சு. அது கட்டணமும் இல்ல டெபாசிட்டும் இல்ல, நீ சாப்பிட, வாடகை குடுக்க வச்சிருக்கற உன் காசு. அப்ப அவங்க எப்படி எடுப்பாங்க? ரெண்டே வழிதான். ஒன்னு, பேப்பரே டூப்ளிகேட்டா இருக்கும், மாட்டுனா ரிஜெக்ட்டோட போகாது, பொய் டாக்குமெண்ட் குடுக்கறது அங்க சட்டப்படி குத்தம். இன்னொன்னு, பணம் நிஜமாவே போடுவாங்க, நீ இங்க வந்ததும் மாசாமாசம் வர்ற 992ஐ அவங்களுக்கு அனுப்பணும், அனுப்பலனா ஊர்ல அப்பா செக்கு பேங்க்குக்கு போகும். அப்ப நீ எதுல வாழ்வ? ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டுமே மாசம் 140 யூரோவுக்கு மேல, அது கட்டாயம், வேணாம்னு சொல்ல முடியாது.

பார்ட் டைம்ல பாத்துக்கலாம்னு சொல்வாங்க. வருசத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பாக்கலாம், 2024 மார்ச்ல இருந்து அப்படித்தான், குறைஞ்சபட்ச சம்பளம் இந்த 2026ல மணிக்கு 13.90. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஜெர்மன் பாஷை தெரியாம முதல் செமஸ்டர்ல வேலை கிடைக்கறது குதிரைக்கொம்பு, பரீட்சை வேற கிடக்கு. அதோட முதல் வருசத்தோட முடியல, ரெசிடன்ஸ் பெர்மிட் நீட்டிக்கும்போது மறுபடி பணம் எங்கனு கேப்பாங்க.

முனிச்ல 992 வச்சு திண்டாட்டம்தான். மாக்டபர்க், கெம்னிட்ஸ் மாதிரி கிழக்கு ஊரா பாரு, ஸ்டூடண்ட் ஹாஸ்டல் கிடைச்சா நிம்மதியா ஓட்டலாம்.

டீக்கடை_ஃபிலாசபர்

விசா கேரண்டின்னா கான்சுலேட்ல உக்காந்திருக்கறது அவங்க மாமனாரா

ஓய்வுபெற்ற_மேனேஜர்

தம்பி, நான் பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். எஜுகேஷன் லோன்ல செலவு கணக்கு போடும்போது வாழ்க்கைச் செலவும் சேரும், அதனால பிளாக்டு அக்கவுண்ட் தொகைய லோன்லயே கேக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் போறாங்க. வித்யா லட்சுமி போர்ட்டல்ல போடுங்க. ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேக்க மாட்டாங்க, அதுக்கு மேல கேப்பாங்க. இங்கதான் உங்களுக்கு சிக்கல், கரிசக்காட்ட பெரும்பாலும் ஈடா எடுக்க மாட்டாங்க, மேனேஜர் கெட்டவர்னு நினைக்காதீங்க, சர்ஃபாசி சட்டப்படி விவசாய நிலத்த பேங்க் ஏலம் விட முடியாது, அதான் காரணம். வீடு பட்டாவோட இருந்தா, இல்ல தாய்மாமா யாராவது வீட்டு மனை ஈடு வைக்க சம்மதிச்சா வேலை நடக்கும். மீதிய நகைக்கடன்ல சமாளிக்கலாம்.

முக்கியமா ஒன்னு. சாங்ஷன் லெட்டர்ல பிளாக்டு அக்கவுண்ட் தொகைய ஒரே தவணையில் அனுப்புவோம்னு எழுதி வாங்கிக்குங்க. செமஸ்டர் செமஸ்டரா தர்றதுதான் பழக்கம்னு கடைசி நேரத்துல கைய விரிக்கற கிளைகள் உண்டு. கடன் பணத்த வெளிநாடு அனுப்பும்போது புடிக்கற டிசிஎஸ் வரி, கம்பெனி இல்ல வரி, 2025 ஏப்ரல்ல இருந்து கிடையாது. படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி அந்தப் பக்கம் ஓடிட்டேதான் இருக்கும், முடிஞ்சா வட்டிய மட்டுமாவது கட்டிட்டு வாங்க.

கரிசக்காட்டு_மெக்கானிக்கல்

ரொம்ப நன்றி சார், நன்றிண்ணே. செக்கு குடுக்கல. இன்னொரு டவுட்டு, எங்க பெரியப்பா மகன் ஸ்டுட்கார்ட்ல வேலைல இருக்காரு, அவரு கேரண்டி லெட்டர் குடுத்தா பிளாக்டு அக்கவுண்டே வேணாம்னு சொல்றாங்களே? அப்படியே ஸ்டுட்கார்ட்லயே படிச்சா அண்ணன் கூட தங்கிக்கலாம்ல.

பெர்லின்_ஃபில்டர்காபி

வேணாம்தான், ஆனா வெள்ளைத்தாள்ல எழுதி கையெழுத்து போடறது செல்லாதுப்பா. உங்க அண்ணன் அவர் ஊரு ஃபாரினர்ஸ் ஆபீஸுக்கு நேர்ல போய், சம்பள ஸ்லிப்லாம் காட்டி, 29 யூரோ கட்டி, அவங்க ஃபார்ம்லதான் உறுதிமொழி குடுக்கணும். அதுக்கு பேரு ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங், வாய்ல நுழையலன்னா பரவால்ல, அவருக்கு தெரியும். அது சும்மா ஃபார்மாலிட்டி கிடையாது, நீங்க கஷ்டப்பட்டு அரசாங்கம் உங்களுக்கு செலவு பண்ண வேண்டி வந்தா அவர்கிட்ட வசூல் பண்ணுவாங்க, பொறுப்பு 5 வருசம். அண்ணி கிட்டயும் சேர்த்து பேசிட்டு கேளுங்க, போன்ல அண்ணன் சரி சரின்னுவாரு, அப்புறம் வீட்ல பிரச்சனை ஆகும்.

ஸ்டுட்கார்ட் இருக்கறது பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்துல. அங்க மட்டும் நம்மள மாதிரி ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு பப்ளிக் யூனிவர்சிட்டிலயே செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ், 2017ல இருந்து. முனிச் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் இப்ப ஃபீஸ் வாங்குது. மத்த பப்ளிக் யூனிவர்சிட்டி பெரும்பாலும் செமஸ்டர் கான்ட்ரிப்யூஷனோட முடிஞ்சிரும். அண்ணன் வீட்டு வாடகை மிச்சமாகறத வச்சு கணக்கு போடுங்க, சில நேரம் அதுவே லாபமா இருக்கும்.

இன்னொன்னும் கேக்கறேன், கன்சல்டன்சி எந்த யூனிவர்சிட்டி சொன்னாங்க? பிரைவேட்டா இருந்தா கமிஷனுக்காகத்தான் தள்ளி விடுறாங்க. அனாபின்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல எச் ப்ளஸ், அதாவது அங்கீகாரம் உண்டுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. உங்க 7.4க்கு பப்ளிக்லயே கிடைக்கும், பாஸ் 5னு வச்சு, நம்ம மார்க்க ஜெர்மன் கிரேடா மாத்தற பவேரியன் ஃபார்முலால போட்டா 2.56 வருது, அங்க நம்பர் குறைய குறைய நல்ல மார்க், 2.5 கேக்கற கோர்ஸ விட்டுட்டு மத்ததுல போடுங்க.

அப்புறம் ஏபிஎஸ்ஸ இப்பவே ஆரம்பிங்க. 18,000 ரூபா, நம்ம டிகிரி ஒரிஜினல்தானான்னு டெல்லில செக் பண்ணி சர்டிபிகேட் தருவாங்க, 2022 நவம்பர்ல இருந்து அது இல்லாம விசா ஃபைல எடுக்கவே மாட்டாங்க. நிறைய யூனிவர்சிட்டி அப்ளிகேஷனுக்கே கேக்குது. அட்மிஷன் வந்த பிறகு பாத்துக்கலாம்னு உக்காந்தா அக்டோபர் கிளாஸ் போயிரும். இது எல்லாமே நீங்களே வீட்ல உக்காந்து பண்ற வேலைதான், ஒன்னரை லட்சம் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

எல்பே_கரை

அக்கா சொன்னது கரெக்ட். விசா அப்ளிகேஷனும் இப்ப கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டல்ல ஆன்லைன்ல போடறதுதான், பேப்பர் சரியா இருக்குன்னு சொன்ன பிறகு விஎஃப்எஸ் விசா சென்டர்ல போய் கைரேகை குடுக்கணும், ஃபீஸ் 75 யூரோ. முன்னாடிலாம் ரிஜெக்ட் ஆனா ரிமான்ஸ்ட்ரேஷன்னு மனு போட்டு மறுபடி பாக்கச் சொல்லலாம், 2025 ஜூலையோட அத எடுத்துட்டாங்க, இப்ப புதுசா அப்ளை பண்ணணும் இல்ல பெர்லின் கோர்ட்டுக்கு போகணும், ரெண்டும் செலவு. அதனால முதல் தடவையே ஒழுங்கா போடு. மோட்டிவேஷன் லெட்டர கன்சல்டன்சி டெம்ப்ளேட்ல எழுதாத, குவாலிட்டில என்ன பாத்த, இந்த கோர்ஸ் அதுக்கு மேல என்ன தரும்னு உன் வார்த்தைல எழுது. விசா ரிஜெக்ட் ஆனா பிளாக்டு பணம் திரும்ப வந்துரும், ரிஜெக்ஷன் லெட்டர அனுப்புனா போதும், அந்த பயம் வேணாம்.

கரிசக்காட்டு_மெக்கானிக்கல்

சரிண்ணே, ஏபிஎஸ் அக்கவுண்ட் ஓபன் பண்ணிட்டேன். பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா முழுசா இருக்கு, மார்க்‌ஷீட்ல வெறும் இனிஷியல்தான், அது பிரச்சனை ஆகுமா?

எல்பே_கரை

நம்ம ஊர்ல பாதி பேருக்கு அப்படித்தான் இருக்கு. எல்லா ஃபார்ம்லயும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே அச்சு பிசகாம போடு, யூனிவர்சிட்டி அப்ளிகேஷன், பிளாக்டு அக்கவுண்ட், இன்சூரன்ஸ் எல்லாத்துலயும். ஒன்னுல இனிஷியல் ஒன்னுல முழுப்பேருன்னு கலந்து வச்சாதான் கேள்வி வரும்.