மறு: படத்தகடுகள் உள்ளுக்குள் கெடுவதற்கு ஒரு கலைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குறுந்தகடு, டிவிடி போன்றவற்றின் உள்ளே இருக்கும் உலோகப் படலம் கெட்டு, அவை ஓடாமல் போவதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> வட்டழுகல் என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கம், உடனே புரிகிறது.

புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிந்துவிடுமோ என்பது என் கவலை. அழுகல் என்றதும் ஈரமும் நாற்றமும் மேலே படரும் பூஞ்சையும்தான் நினைவுக்கு வரும். கேட்டவர் துணியை எடுத்துத் தகட்டைத் துடைக்கப் போவார். இந்தக் கோளாறு எவ்வளவு துடைத்தாலும் போகாது. வீட்டில் நூற்றுக்கணக்கில் படத்தகடு சேர்த்து வைத்திருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியதே இதுதான். சொல்லே அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குறுந்தகட்டில் 1.2 மி.மீ. பாலிகார்பனேட், அதன் மேல் மிக மெல்லிய அலுமினியப் படலம், அதற்கு மேல் அரக்குப் பூச்சு, கடைசியாக அச்சிட்ட பெயர். டிவிடியில் 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டியிருப்பார்கள். உலோகம் நடுவில் இருக்கும். அரக்குப் பூச்சில் கீறல் விழுந்தாலோ, விளிம்பில் ஒட்டு சரியில்லை என்றாலோ காற்றும் ஈரமும் உள்ளே போகின்றன. அலுமினியம் பளபளப்பை இழக்கிறது. தகட்டைப் படிக்கும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பி வரவில்லை என்றால் படம் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது வந்திருக்கும் மற்றச் சொற்களைப் பார்ப்போம். துரு இரும்புக்கு உரியது. களிம்பு செம்புக்கும் பித்தளைக்கும் உரியது, போதாக்குறைக்கு மருந்துக் களிம்பு வேறு குறுக்கே வரும். அரிமானம் (காற்றும் ஈரமும் உலோகத்தை அரிப்பது) நல்ல வேதியியல் சொல், விடவே கூடாது. ஆனால் அது காரணத்தின் பெயர். கெட்டுப்போன நிலைக்கு ஒரு பெயர் வேண்டும்.

என் பரிந்துரை: வட்டுச் சொத்தை.

கெட்டுப்போன தகடு ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிப்பரப்பு பல நேரம் வழவழப்பாக, கண்ணுக்குத் தெரியும் கீறல் இல்லாமல் இருக்கும். உள்ளே மட்டும் ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரியும், சில தகடுகளில் விளிம்போரம் மங்கலான திட்டு படர்ந்திருக்கும். மேலே பார்க்க நன்றாக இருந்து உள்ளே கெட்டதைத்தானே பல்லிலும் காயிலும் சொத்தை என்கிறோம்? வினையும் தயாராக இருக்கிறது: சொத்தை விழுந்த தகடு, தகடு சொத்தையாகிவிட்டது. (ஓரிரு புள்ளி தெரிந்தாலே பதற வேண்டாம். தயாரிப்பின்போதே அப்படி அமைவதும் உண்டு. முழுத்தகட்டையும் கணினியில் படியெடுத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.)

> சொத்தை வசவு போல ஒலிக்கிறது. நூலில் எப்படி எழுதுவது?

பற்சொத்தை என்று பல் மருத்துவத்தில் எழுதுகிறோமே, ஐயா! அங்கே உறுத்தாதது இங்கே மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பேசிவிட வேண்டும். வீட்டில் நாமே எழுதிய தகடுகளில் தரவு பெரும்பாலும் ஒரு சாயப் படலத்தில் பதிகிறது. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அந்தச் சாயம் மங்கும். இது வேறு நோய், இதைச் 'சாயம் வெளிறல்' என்று தனியே வைப்போம். கல்யாண வீடியோவைத் தாமே எழுதி சன்னலோர அலமாரியில் வைத்திருப்பவருக்கு இந்தப் பெயர்தான் உதவும், திரைச்சீலை போட வைக்கும்.

சொத்தை விழாமல் காப்பது எப்படி என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். தகட்டை விளிம்பையும் நடுத்துளையையும் மட்டும் தொட்டு எடுங்கள். உறையின் நடுவிலுள்ள பற்களை அழுத்திவிட்டு எடுக்க வேண்டும்; வளைத்துப் பிடுங்கினால் டிவிடியின் ஒட்டுக்குக் கேடு. குறுந்தகட்டில் பெயர் அச்சிட்ட பக்கத்தைத்தான் அதிகம் காக்க வேண்டும், உலோகம் அதற்கு அடியிலேயே இருக்கிறது. ஒட்டுத்தாள் கூடாது. நெட்டாக நிறுத்தி, 20 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிர்ச்சியில், ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாத இடத்தில் வைத்தால் நல்லது. துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில், ஒருபோதும் வட்டமாக அல்ல.

அப்புறம், டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. சொத்தையோ பெரும்பாலும் விளிம்பில் தொடங்கும். அதனால் ஒரே தரவுப் படலமுள்ள, நிறையப் பதிந்த தகட்டில் முதலில் தடுமாறுவது படத்தின் கடைசிப் பகுதி. இரட்டைப் படலத் தகட்டில் லேசர் விளிம்புவரை போய் உள்நோக்கித் திரும்புமானால் படத்தின் நடுவிலேயே தடுமாற்றம் தெரியும். தொடக்கக் காட்சி நன்றாக ஓடியது என்று தகட்டை நம்பிவிடாதீர்கள். சந்தேகம் வந்த அன்றே படியெடுத்துவிடுங்கள், சொத்தை ஆறாது.

அகராதிக்கு என் வரைவு:

வட்டுச் சொத்தை (பெ.): ஒளிவட்டின் உள்ளே இருக்கும் எதிரொளிப்பு உலோகப் படலம் அரிமானத்தால் கெட்டு, தரவைப் படிக்க முடியாமல் போகும் நிலை.

குறுந்தகடு, இறுவட்டு என்று இடத்துக்கு இடம் வழக்கு மாறுகிறது. தகட்டுச் சொத்தை என்று யாராவது எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை, சொத்தை நிலைத்தால் போதும்.

டிவிடியின் இரு தகடுகளும் ஒட்டு விட்டுப் போவதற்கு இன்னும் பெயர் இல்லை. 'ஏடு பிரிதல்' என்று தோன்றுகிறது. பொருந்துமா என்று சொல்லுங்கள்.